எழுபத்து மூன்று நாள் இளையவன்

அழுக்காறாமை என்பது பிறர் ஆக்கம் கண்டு மனம் புழுங்காதிருத்தல். பெரியோர் அதனை அரிய அறங்களுள் ஒன்றாக வைத்தனர். ஈகைக்குப் பொருள் வேண்டும். வீரத்துக்குப் பகை வேண்டும். இந்த அறத்துக்கு வேண்டுவது பக்கத்து வீட்டில் ஒருவன் நன்றாக வாழ்வது மட்டுமே. பாலக்காட்டின் கிழக்கெல்லையில், வடகரப்பதியில் பிறந்த பிரதீப்புக்கு அந்த ஒருவன் பிறவியிலேயே வாய்த்தான்; எழுபத்து மூன்று நாள் முன்னதாகவே வந்து காத்திருந்தான். அவன் பெயர் கோகுல்நாத், பெரியப்பா ஆறுச்சாமியின் மகன்.

பிரதீப்பிடம் அழுக்காறாமை இருந்தது என்று யாரேனும் சொன்னால் அவன் மனைவி யோகப்பிரியாவே முதலில் சிரிப்பாள். அவனிடம் அது இருந்ததில்லை. ஆயினும் அவன் வாழ்வில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த அறம் செய்ய வேண்டிய வேலையை அதன் பகையாகிய அழுக்காறே செய்து முடித்தது. அந்த விந்தையைச் சொல்லவே இவ்வரலாறு.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கிணறு. பாட்டன் வெட்டியது. இன்று மூத்த வீட்டு மோட்டார், நாளை இளைய வீட்டு மோட்டார் என்று முறை வைத்துத் தண்ணீர் இறைப்பார்கள். சித்திரையில் நீர் அடிப்பாறையைத் தொட்டுவிட்டால் இரண்டு மோட்டாரும் அரை முறைதான் ஓடும். ஒரு வீட்டுத் தக்காளி காய்த்துக் குலுங்க மற்ற வீட்டுத் தக்காளி கருகியது என்பது அந்தக் கிணற்றின் வரலாற்றிலேயே இல்லை. ஆனால் மழை பெய்து ஊற்றுத் திறந்ததும் முதல் முறை எப்போதும் மூத்த வீட்டுக்கே.

கிணற்றில் தொடங்கிய இந்த முதன்மை பிரதீப்பை எங்கும் விடாமல் தொடர்ந்தது. கோகுல் போட்டுக் கழித்த சட்டை அவனுக்கு வந்தது. கோகுல் ஓட்டிப் பழகிய சைக்கிள், சங்கிலி தளர்ந்த பின் அவனுக்கு வந்தது. மாகாளியம்மன் நோன்புத் திருவிழாவில் தீர்த்தக் குடத்தைக் கோகுல் தலையில் வைத்துக்கொள்ள, பின்னால் துண்டைப் பிடித்தபடி பிரதீப் நடந்தான். ஒத்த வயதுக்காரனை 'அண்ணா' என்றும் 'நீங்க' என்றும் அழைக்க வேண்டியிருந்தது. ஒருநாள் வாய் தவறி 'நீ' என்று சொன்னதற்கு அவன் தாய் முத்தாத்தாள் அகப்பையை ஓங்கினாள்.

"எழுபத்து மூணு நாளுன்னாலும் மூத்தவன் மூத்தவந்தான், கண்ணு. நாளக்கி அவன் உனக்கு முன்னால நிக்கோணும், நீ அவனுக்குப் பின்னால நிக்கோணும்."

பின்னால் நின்று நின்று, முன்னால் நிற்பவனின் பிடரியை அவன் மனப்பாடம் செய்துவிட்டான்.

கஞ்சிக்கோட்டுப் பக்கம் இரு வீட்டுக்கும் பொதுவாக இருந்த நிலத்தைத் தொழிற்சாலை ஒன்றுக்கு விற்ற ஆண்டில், அந்தப் பணத்தில் படித்து விமானியாகப் போகிறேன் என்றான் கோகுல். ஒரு வாரம் கழித்துப் பிரதீப்பும் அதையே சொன்னான். யோகப்பிரியா இன்றைக்கும் சொல்லுவாள்: "உங்கண்ணன் மாட்டு டாக்டருக்குப் படிச்சிருந்தா, இந்நேரம் நீங்க வேலந்தாவளத்துல எருமைக்கு ஊசி போட்டுட்டு இருப்பீங்க." பயிற்சிப் பள்ளியிலும் கோகுல் படித்து முடித்த புத்தகங்களையே பிரதீப் படித்தான். கோகுல் அடிக்கோடிட்ட வரிகளைத் தாண்டி அவன் கண் சென்றதில்லை. தேர்வில் வினாக்கள் அந்த வரிகளிலிருந்தே வந்தன; அதற்காகவும் அவனுக்கு ஆற்றாமை.

இருவரும் ஒரே நாளில், தென்னாட்டு ஊர்களுக்குள் மட்டும் பறக்கும் ஒரு சிறு விமான நிறுவனத்தில் துணை விமானிகளாகச் சேர்ந்தனர். கொச்சியிலிருந்து பறந்தனர். சேர்ந்த முதல் மாதம் நிறுவனம் பணிமூப்புப் பட்டியலை ஒட்டியது. யாருக்கு முதலில் தலைமை விமானிப் பதவி, யாருக்கு விருப்பமான நாளில் விடுப்பு, யாருக்கு முதலில் ஆட்குறைப்பு என்பன எல்லாம் அந்தப் பட்டியலின் எண்ணைப் பொறுத்தவை. ஒரே நாளில் சேர்ந்தவர்களைப் பிறந்த தேதியால் வரிசைப்படுத்துவது வழக்கம்.

பட்டியலில் பிரதீப் நூற்று எண்பத்தாறு. கோகுல்நாத் நூற்று எண்பத்தேழு.

பிரதீப் அதை மூன்று முறை படித்தான். பிறகு அவனுக்குப் புரிந்தது. கோகுல் மே மாதம் முப்பதாம் தேதி பிறந்தவன், தாளிலும் அதுவே. பிரதீப் பிறந்தது ஆகஸ்டு பதினொன்று. ஆனால் ஜூன் முதல் தேதிக்குள் ஐந்து வயது நிரம்பாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க முடியாது. அந்நாளில் இதற்கு எல்லாத் தலைமையாசிரியர்களிடமும் ஒரு மருந்து இருந்தது: பிள்ளை மே மாதத்தில் பிறந்துவிடும். பிரதீப்புக்கு ஊர்த் தலைமையாசிரியர் எழுதிய தேதி மே பன்னிரண்டு. எழுபத்து மூன்று நாள் இளையவன் தாளில் பதினெட்டு நாள் மூத்தவன் ஆனான். அந்தத் தாளே பத்தாம் வகுப்புச் சான்றிதழாயிற்று; அதுவே கடவுச்சீட்டாயிற்று; அதுவே விமானி உரிமமாயிற்று.

பட்டியலின் படி ஒன்றை எடுத்து மடித்து, பூசையறையில் மருதமலை முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தான். அடுத்த வெள்ளிக்கிழமை படத்தைத் துடைக்கும்போது யோகப்பிரியா அதைக் கண்டாள்.

"இதென்னுங்க, சாமிக்குப் பின்னால?"

"சும்மா. முக்கியமான காயிதம்."

அவள் பிரித்துப் படித்தாள். கணவன் முகத்தைப் பார்த்தாள். "முருகனே அண்ணங்கூடச் சண்டை போட்டுட்டு மலையேறுனவரு. அவருகிட்டக் குடுத்து வெச்சா பத்திரமா இருக்குமுங்க" என்று மடித்து அங்கேயே வைத்தாள்.

ஏழாண்டுகள் சென்றன. நிறுவனத்தின் பதினெட்டு விமானங்களில் ஏழு, பழுது பார்க்க அனுப்பிய என்ஜின்கள் திரும்பாமையால் தரையில் நின்றன. பயணக் கட்டணம் வரவில்லை, விமானங்களுக்குக் கட்டும் வாடகை நிற்கவில்லை. ஒரு திங்கட்கிழமை விமானிகள் இருநூற்று முப்பது பேருக்கும் கடிதம் வந்தது. அதில் இரண்டு வழிகள் இருந்தன. எல்லா விமானிகளும் ஓராண்டுக்குச் சம்பளத்தில் முப்பது விழுக்காடு விட்டுக்கொடுப்பது ஒன்று. அதற்கு இசையாவிட்டால், பணிமூப்பில் நூற்று எண்பத்தேழாம் எண் முதல் கீழே உள்ள நாற்பத்து நான்கு பேர் ஓராண்டுக்குச் சம்பளமில்லா விடுப்பில் செல்வது மற்றொன்று. விமானிகள் சங்கம் ஞாயிறன்று கூடி எதுவென்று சொல்ல வேண்டும்.

நூற்று எண்பத்தேழு என்ற எண்ணைப் படித்தபோது பிரதீப்பின் நாவில் ஓர் இனிப்பு ஊறியது. அதை அவன் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகளில் முதன்முறையாக மழை இளைய வீட்டில் மட்டும் பெய்தது.

சம்பளமில்லா விடுப்பு என்பது விமானிக்கு வெறும் விடுப்பன்று. பறக்காதவனின் தகுதி சில மாதங்களில் காலாவதியாகும். மீண்டும் பயிற்சி, மீண்டும் தேர்வு, அதற்குள் திறக்கும் தலைமை விமானி இடங்கள் வேறொருவருக்கு. கோகுலின் மனைவி ஆர்த்தி அப்போது நிறைமாதம்.

"ஏனுங்க, முப்பது போனாலும் நம்ம அடுப்புல சோறு வேகுமுங்க" என்றாள் யோகப்பிரியா. "உங்கண்ணன் ஊட்டுல ஆர்த்தியக்கா இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கறா. சம்பளத்தக் கொறச்சுக்கலாமுன்னு ஓட்டுப் போட்டுட்டு வந்துருங்க."

"அப்படியெல்லாம் போட முடியாது. இது கொள்கைப் பிரச்சினை."

"எந்தக் கொள்கைங்க? சாமிக்குப் பின்னால மடிச்சு வெச்சிருக்கறீங்களே, அதுங்களா?"

அவன் வெளியே வந்தான். கிணற்றுமேட்டில் கோகுல் நின்று மோட்டார் பெட்டியைத் திறந்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். அது பிரதீப் வீட்டு மோட்டார், ஃபியூஸ் போயிருந்தது. அன்று முறையும் பிரதீப் வீட்டுக்கே. கேட்காமல் வந்து சரி செய்கிறான். உதவியிலும் முந்திக்கொள்கிறானே என்று பிரதீப்புக்கு எரிந்தது.

அந்த வாரம் முழுவதும் ஓர் அச்சமும் அவனுடன் இருந்தது. ஆகஸ்டு பதினொன்று என்னும் உண்மைத் தேதி சாதகத்தில் இருக்கிறது. பிறப்புப் பதிவேட்டிலும் இருக்கிறது. கோகுல் ஒரு கடிதம் எழுதினால் போதும். இருவரும் இடம் மாறுவர். நூற்று எண்பத்தாறுக்கும் எண்பத்தேழுக்கும் நடுவே விழுந்திருக்கும் ஆட்குறைப்புக் கோடு கோகுலின் காலடியிலும் பிரதீப்பின் தலைக்குமேலும் ஓடும். எழுதுவான், எழுதத்தான் வேண்டும் என்று பிரதீப் நாள்தோறும் எதிர்பார்த்தான். எழுதினால் அவனை வெறுக்க ஒரு நேர்மையான காரணம் கிடைக்கும் என்று உள்ளூர வேண்டியும் கொண்டான். வெள்ளி சென்றது, சனி சென்றது. கோகுல் எழுதவில்லை.

ஞாயிறு காலை இருவரும் ஒரே காரில் புறப்பட்டனர். கோகுலின் கார். கோகுலே ஓட்டினான்.

"டேய் பிரதீப்பு, பாத்தயா? விமானத்துல கேப்டன் உக்கார்ற இடதுபக்கம் நீ. துணை விமானி பக்கம் நானு. ஆனா ஸ்டீரிங் எங்கிட்ட."

"அண்ணா, ஸ்டீரிங் எப்பவும் உங்ககிட்டத்தானுங்களே."

கோகுல் சிரித்தான். அந்தச் சொல்லில் இருந்த முள் அவனுக்குத் தைத்ததா என்று பிரதீப் ஓரக்கண்ணால் பார்த்தான். தைக்கவில்லை. தைக்காத தோலும் ஒரு செல்வமே. அதுவும் கோகுலுக்கே வாய்த்திருந்தது.

குதிரானில் சுரங்கச் சாலைக்குள் நுழையும்போது கோகுல் கேட்டான்: "இன்னைக்கு நீ என்ன பேசப் போற?"

"வேண்டாமுன்னுதான் பேசப் போறனுங்க. கம்பெனி செஞ்ச தப்புக்கு நாம எதுக்குச் சம்பளம் குடுக்கோணும்?"

"நியாயந்தான்" என்றான் கோகுல். "நல்லாப் பேசு. உனக்குத் தொண்டை கட்டிக்கும், அந்தக் கதவுல சுக்குத்தண்ணி இருக்குது. ஆர்த்தி போட்டுக் குடுத்தா."

பிரதீப் அதைக் குடிக்கவில்லை.

அங்கமாலியில் ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில் சங்கம் கூடியது. தலைவர் கேப்டன் மரியஜோசப் ஓய்வுக்கு இரண்டாண்டு இருந்தவர்; அவர்தாம் மண்டபத்தை ஏற்பாடு செய்திருந்தார். மலையாளமும் தமிழும் ஆங்கிலமும் கலந்து ஒலித்த அந்த அவையில், பணிமூப்பின் வரிசைப்படியே நாற்காலிகள் நிரம்பியிருந்தன. யாரும் அப்படி அமரச் சொல்லவில்லை, பழக்கம் அமர்த்தியது. பிரதீப்புக்கு வலப்பக்கம் கோகுல். அவர்கள் இருவருக்கும் இடையே, கண்ணுக்குத் தெரியாமல், அந்தக் கோடு.

பிரதீப் நன்றாகவே பேசினான். என்ஜின் ஒப்பந்தத்தில் நிறுவனம் செய்த பிழையை விரித்துரைத்தான். ஒருமுறை விட்டுக்கொடுத்த சம்பளம் திரும்பி வந்ததாக உலகில் கதையில்லை என்றான். இருநூற்று முப்பது பேரும் மெலிவதைவிட நாற்பத்து நான்கு பேர் ஓராண்டு காத்திருப்பது நிறுவனத்தைக் காக்கும், காத்தால் அவர்களும் திரும்பலாம் என்றான். ஒவ்வொரு வாக்கியமும் நேராக நின்றது. முன்வரிசைத் தலைமை விமானிகள் தலையசைத்தனர்.

பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். சுருளிவேல், எண் இருநூற்றுப் பன்னிரண்டு. பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவன். தாய் அழகுத்தாய் கொழுந்து கிள்ளிப் படிக்க வைத்தவள்.

"அண்ணாச்சி, நல்லாப் பேசுனீக. நாப்பத்து நாலு பேரு காத்திருப்பாகன்னு சொன்னீகளே, அந்த நாப்பத்து நாலுல நீங்க இருந்தா இந்தப் பேச்சு எப்பிடி இருக்கும்னு நெனச்சுப் பாத்தேன். சிரிப்பு வந்துருச்சு."

மண்டபம் சிரித்தது. பிரதீப்பின் காது சிவந்தது.

"ஆனா அண்ணாச்சி சொன்னதுல ஒண்ணு உண்மை" என்று சுருளிவேல் தொடர்ந்தான். "எங்க தோட்டத்துல இதே கேள்விய எங்க ஆத்தாகிட்டக் கேட்டாக. எல்லாரும் அரைக்கூலி வாங்குதீகளா, இல்ல ஆளக் கொறைக்கவான்னு. அரைக்கூலின்னு ஒத்துக்கிட்டாக. எம்புட்டு நாளைக்குன்னு யாரும் எழுதி வாங்கல. அரைக்கூலி வாங்கி முடிச்ச மறுவருசம் தோட்டத்தையே பூட்டிட்டுப் போயிட்டாக. அதனால நான் கொறைக்க வேண்டாம்னு சொல்லல. கொறைச்சா என்னைக்குத் திரும்ப வரும்னு தேதி போட்டு எழுதி வாங்குங்க. வாய்ச்சொல்லுக்கு ஒரு நாள் சம்பளமும் குடுக்காதீக."

கேப்டன் மரியஜோசப் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு கோகுல் எழுந்தான். அவன் வாக்கு எந்தப் பக்கம் என்று தமக்குத் தெரியும் என்றே எல்லாரும் நினைத்தனர்.

"நான் நூத்து எண்பத்தேழு. கோட்டுக்குக் கீழ மொதல் ஆளு நானு. சம்பளத்தக் கொறைங்கன்னு நான் கேட்டா, என்னக் காப்பாத்துங்கன்னு மத்தவங்க சட்டப்பையில கை விடற மாதிரி. அதனால நான் பேசல, ஓட்டும் போடல. நீங்க எதச் சொன்னாலும் எனக்குச் சம்மதமுங்க."

அமர்ந்தான். பிறகு முன்வரிசையில் ஒருவர் கைதட்டினார். மண்டபம் முழுவதும் தட்டியது. வயது முதிர்ந்த கேப்டன் ஒருவர் எழுந்து வந்து கோகுலின் தோளைத் தொட்டுச் சென்றார்.

பிரதீப்பின் வயிற்றில் பெருந்தீ மூண்டது. வேலை போகும் நேரத்திலும் மாலை இவன் கழுத்துக்கே வருகிறது! கோட்டுக்குமேல் நிற்பவன் நான். கைதட்டல் கோட்டுக்குக் கீழே!

கோகுலைக் கண்டு இருநூறாம் எண், இருநூற்று ஐந்தாம் எண் என ஒவ்வொருவராகத் தாமும் வாக்களிக்கப் போவதில்லை என்றனர். மானம் தொற்றுநோய் போல் பின்வரிசையில் பரவியது. சுருளிவேல் மட்டும் தலையில் அடித்துக்கொண்டான். "கோகுலண்ணே, நீங்க பெரிய மனுசன் ஆவுறதுக்கு நாங்க எல்லாம் பட்டினி கிடக்கணுமா? கீழ இருக்குறவன் எல்லாம் ஓட்டுப் போடாம உக்காந்தா மேல இருக்குறவன் சொல்லுததுதானே நடக்கும்!"

கோகுல் தலை குனிந்தான். அவனுக்கும் அப்போதுதான் அது புரிந்தது போலும். ஆனால் அவையில் சொன்ன சொல்லை மீட்க அவன் பழகியவன் அல்லன்.

தேநீர் இடைவேளை. மண்டபத்தின் பின்புறம், பழம்பொரித் தட்டுகளுக்கு அப்பால், ஒரு மாமரத்தடியில் பிரதீப் கோகுலைப் பிடித்து நிறுத்தினான்.

"அண்ணா, நீங்க ஏனுங்க எழுதல?"

"என்னத்த?"

"என்ற தேதி பொய்யின்னு. ஒரு காயிதம் எழுதியிருந்தா இந்நேரம் நானு கீழ, நீங்க மேல. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியுமே. லிஸ்ட்டு ஒட்டுன அன்னைக்கே தெரியும்."

"அப்பறம்?"

கோகுல் தேநீரை ஆற்றினான். "அந்தத் தேதி எப்படி வந்துதுன்னு உனக்கு யாரு சொன்னது?"

"நானு பின்தங்கிடுவேன்னு எங்கப்பாதான் வாத்தியாருகிட்டச் சொல்லி எழுத வெச்சாராமா."

"உங்கப்பன் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகல. அன்னைக்கு அழுதவன் நானு. பிரதீப்பு வராம நான் போகமாட்டேன்னு மூணு நாள் சோறு திங்கல. எங்கப்பன்தான் உன்னத் தூக்கிட்டு வாத்தியாருகிட்டப் போனாரு. அவரு மே மாசத்துல வாயில வந்த ஒரு தேதியப் போட்டாரு. என்றது முப்பதுன்னு அவருக்கு நெனப்பில்ல. நான் அழுது வாங்குன தேதிய நானே போயிப் பொய்யின்னு சொல்றதாடா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். பிரதீப் சிரிக்கவில்லை. சட்டை, சைக்கிள், புத்தகம் என எல்லாம் கோகுல் கழித்துக் கொடுத்தவை. இது ஒன்றாவது, பதினெட்டு நாள் ஆனாலும், தனக்கென வந்த முதன்மை என்று சாமிக்குப் பின்னால் வைத்து ஏழாண்டு காத்தானே. அதுவும் பழைய சட்டைதான். அதுவும் ஐந்து வயதில் இவன் அழுது வாங்கிக் கொடுத்ததுதான்.

இனி நடக்கப் போவதும் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கோகுல் விடுப்பில் வீட்டுக்கு வருவான். ஊர் அவனைக் கைதொழும். தம்பிக்காக வாய் திறக்காமல் வேலையை விட்டவன் என்று நோன்புக்கு நோன்பு சொல்லும். தீர்த்தக் குடத்தோடு அந்தப் புகழையும் அவன் தலையில் சுமந்து முன்னே நடக்க, பொய்த் தேதியில் வேலை காத்தவன் துண்டைப் பிடித்துக்கொண்டு பின்னே நடக்க வேண்டும். எத்தனை ஆண்டுகள்? சாகும் வரை.

அந்தப் புகழைக் கோகுலுக்குக் கொடுக்க அவனால் முடியாது. வேலையை வேண்டுமானால் கொடுத்துவிடலாம்.

கூட்டம் மீண்டும் தொடங்கியதும் பிரதீப் கை தூக்கினான். கேப்டன் மரியஜோசப் புருவம் உயர்த்தினார். "ஏற்கெனவே பேசியாச்சே, பிரதீப்?"

"ஒரே ஒரு கேள்வி, கேப்டன். இங்கே இருப்பவர்களில் சான்றிதழில் மே மாதம் பிறந்தவர்கள் கை தூக்க முடியுமா?"

அவை திகைத்தது. ஒரு கை எழுந்தது, பத்துக் கைகள் எழுந்தன, பிறகு அறுபதுக்கும் மேலே. ஒருவரை ஒருவர் பார்த்து நகைத்தனர்.

"இவர்களில் உண்மையாகவே மே மாதம் பிறந்தவர்கள் மட்டும் கையை இறக்காமல் இருங்கள்."

கைகள் சாய்ந்தன. வெயிலில் வாடிய கீரைப்பாத்தி போல ஐந்தாறு கைகள் மட்டும் அங்கங்கே நின்றன. அவற்றுள் ஒன்று கோகுலுடையது. மண்டபம் வெடித்துச் சிரித்தது. தலைவரின் கையும் இறங்கியிருந்ததைக் கண்டு சிரிப்பு இரட்டித்தது.

"என் கையும் இறங்கிற்று" என்றான் பிரதீப். "நான் ஆகஸ்டு பதினொன்றில் பிறந்தவன். கோட்டுக்குமேல் கடைசி ஆள் நான். என்னை மேலேயும் என் அண்ணனைக் கீழேயும் வைத்தது திறமையன்று, உழைப்பன்று. ஒரு தலைமையாசிரியரின் மைத்துளி. இந்த மண்டபத்தில் இப்படிப்பட்ட மைத்துளி எத்தனை என்று இப்போதுதான் எண்ணினோம். அந்த மையால் கோடு கிழித்து நாற்பத்து நான்கு பேரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று காலையில் நான் பேசினேன். அந்தப் பேச்சைத் திரும்பப் பெறுகிறேன்."

சிரிப்பு அடங்கியிருந்தது.

"எங்கள் வீட்டில் இரண்டு குடும்பத்துக்கு ஒரு கிணறு. நீர் இறங்கினால் இருவருக்கும் அரை முறை. ஒருவருக்கு முழு முறை, மற்றவருக்கு வறட்சி என்று நாங்கள் இறைத்ததில்லை. என் முப்பது விழுக்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சுருளிவேல் சொன்னபடி, திரும்பி வரும் தேதியை எழுதி வாங்குங்கள். இந்த முறையாவது உண்மையான தேதியாக இருக்கட்டும்."

முதலில் கைதட்டியவன் சுருளிவேல். "அண்ணாச்சி, இது பேச்சு!" என்று பின்வரிசையிலிருந்து கூவினான். வாக்களிக்க மாட்டோம் என்ற கீழ்வரிசையினர் பலரும், கோட்டுக்குமேல் இருப்பவனே கேட்ட பிறகு தமக்கு மானக்கேடில்லை என்று வாக்குச்சீட்டை வாங்கினர். கோகுல் மட்டும் சொன்ன சொல் காத்து, கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தான்.

குறைப்புக்கு நூற்று இருபத்து நான்கு, எதிராக எண்பத்தொன்று. ஓராண்டு, முடியும் தேதி எழுத்தில், அதற்குள் எவரையும் விடுப்பில் அனுப்பலாகாது என்ற உறுதியுடன் தீர்மானம் நிறைவேறியது. மூன்றாம் நாள் நிறுவனம் கையெழுத்திட்டது.

ஞாயிறன்று வாக்கு எண்ணி முடிந்ததும் பிரதீப் மேடையை நோக்கித் தலை நிமிர்ந்து அமர்ந்திருந்தான். வாழ்வில் முதன்முறையாக ஒன்றைக் கோகுலுக்கு அவன் கொடுத்திருந்தான். அண்ணன் கழித்துக் கொடுக்காத ஒன்று. தானே புதிதாக நெய்தது. அதற்கான புகழ் இப்போது வரும் என்று காத்திருந்தான்.

கேப்டன் மரியஜோசப் முடிவுரை கூற எழுந்தார். "இன்றைக்கு ஒரு காட்சியைக் கண்டோம். வாய் திறந்து தனக்கென ஒன்றும் கேட்காத ஓர் அண்ணன். அந்த அண்ணனின் பெருந்தன்மையைக் கண்டு மனம் மாறிய ஒரு தம்பி. கோகுலுக்கு நம் நன்றி."

மண்டபம் எழுந்து நின்று தட்டியது, கோகுலை நோக்கி.

பிரதீப்பும் எழுந்தான், தட்டவும் செய்தான். பல்லைக் கடித்துக்கொண்டு தட்டுவது எளிதன்று. ஓசை சற்று முன்பின்னாகும்.

திரும்பும்போது கோகுல் சாவியை நீட்டினான். "நீ ஓட்டு, கண்ணு. எனக்கு ஒடம்பெல்லாம் அசதி."

"நானுங்களா?"

"பின்ன? இனி ஒரு வருசம் நீ பிச்சுக் குடுத்த சம்பளத்துலதான என்ற வண்டி ஓடுது." சீட்டைச் சாய்த்தான். பிறகு கண்ணை மூடியபடியே சொன்னான்: "அந்தக் கேப்டனுக்கு ஒண்ணும் தெரியாதுடா. நான் வாய மூடிட்டு உக்காந்தது பெருந்தன்மையில்ல, வீம்பு. உன்ற பேச்சு மட்டும் இல்லீன்னா ஆர்த்தி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? எனக்குத் தெரியும். போதுமா?"

போதாது என்று பிரதீப்புக்குத் தோன்றியது. அவையில் நூற்றுக்கணக்கானோர் கேட்கத் தட்டிய கைகளுக்கு, காருக்குள் ஒருவன் கண்ணை மூடிச் சொன்ன ஒரு சொல் ஈடாகுமா? ஆயினும் குதிரான் வரும் வரை அச்சொல்லை அவன் திரும்பத் திரும்ப மனத்தில் கேட்டுக்கொண்டே வந்தான்.

ஆலத்தூர் தாண்டியதும் பார்த்தான். மாலை வெயில் முகத்தில் விழ, வாய் சிறிது திறந்து, கோகுல் குழந்தைபோல் உறங்கிக்கொண்டிருந்தான். இப்படி நினைத்த இடத்தில் நினைத்தவுடன் உறங்க இவனால் எப்படி முடிகிறது! பிரதீப்பின் நெஞ்சில் பழைய தீ மெல்லத் தலை தூக்கியது. அந்த உறக்கத்தின்மேலும் அவனுக்குப் பொறாமை வந்தது. ஆனால் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். பள்ளங்களைச் சுற்றியே ஓட்டினான்.

ஒன்பதாம் நாள் ஆர்த்திக்குப் பெண் பிறந்தது. பிறந்த தேதியையே மாற்றாமல் பதியச் சொல்லிப் பஞ்சாயத்து அலுவலகத்துக்குத் தானே சென்று வரிசையில் நின்றவன் பிரதீப். முருகன் படத்துக்குப் பின்னால் அந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. எடுக்கவா என்று யோகப்பிரியா கேட்டபோது, இருக்கட்டும் என்றான்.

பாறை தொட்ட கிணற்றிலும் ஊற்றுக் கண் மூடாது காக்கும் மருதமலை இறைவன், பிரதீப்பின் மனையைக் காப்பானாக. யோகப்பிரியாவின் அடுப்பில் சோறு குறையாதிருக்க. முத்தாத்தாளின் முழங்கால் வலி தணிக. பறந்து சென்றவன் ஒவ்வொரு முறையும் நலமே தரையிறங்குக. பக்கத்து வீடு என்றென்றும் நன்றாக வாழ்க. அதைப் பார்த்துக்கொண்டே இவ்வீட்டார் இனிது உறங்குக.